கொட்டாஞ்சேனைச் சரிவில் அக்கா

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் நீளப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். யுத்தம் நடக்கும் நாட்டுக்குள் ஆள் உயரப் பையோடு வருகிறவனைக் கண்டால் யாரும் அப்படித்தான் நகர்வார்கள். நானே ஸிப்பை இழுத்துத் திறந்து காட்டினேன். உள்ளே முனை வளைந்த இரண்டு பலகைகள், அவற்றில் பூட்டும் ஒரு சோடி முரட்டுச் சப்பாத்து.

"வள்ளத்துக்குத் துடுப்பு" என்று அவர் பக்கத்து மேசைக்காரரிடம் சிங்களத்தில் சொன்னார்.

"துடுப்புக்கு ஏன் இரும்பு விளிம்பு?" என்றார் மற்றவர்.

நான் சிங்களத்திலேயே, "பனியில் சறுக்குவதற்கு" என்றேன். இருவரும் ஒரே நேரத்தில் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்கள். விடிந்தும் விடியாத வேளையில் தென்னை ஓலைகள்கூட வியர்த்துக்கொண்டிருந்தன. முதலாமவர் பையை மூடி என்னிடம் தந்தார். "விழுந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்" என்றார். பனி விழுந்தால் என்றாரா, நான் விழுந்தால் என்றாரா என்பது இன்றுவரை தெரியாது.

நான் ஒஸ்திரியாவில் ஒரு மலைக் கிராமத்தில், ஹான்ஸ் என்பவரின் சின்னப் பட்டறையில் வேலை செய்கிறேன். ஸ்கீ எனப்படும் பனிச்சறுக்குப் பலகைகள் செய்வது எங்கள் தொழில். பழைய பலகைகள் நேராக இருக்கும். நேராகக் கீழே போவதற்கு யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை, அதை மலையே பார்த்துக்கொள்ளும். திரும்பவும் நிற்கவும் பழகத்தான் வருடக்கணக்காகும். ஹான்ஸ் ஒரு புதுப் பலகை செய்தார். முன்னும் பின்னும் அகலம், நடுவில் உடுக்கு மாதிரி ஒடுங்கிய இடுப்பு. பக்கவாட்டில் சரித்தால் அதன் வளைந்த விளிம்பு பனியைக் கடித்துக்கொண்டு தானாகவே வட்டமாகத் திரும்பும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பலகை உலகத்தில் இல்லை என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

புதிதாகப் பழகுகிறவர்கள் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் கிராமத்தில் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் நடக்க முன்னமே சறுக்கப் பழகியவர்கள். அவர்கள் கால்களில் கதவைக் கட்டிவிட்டாலும் அழகாகத் திரும்புவார்கள். ஆனால் சமவெளி நகரங்களிலிருந்து வந்த உல்லாசப் பயணிகளோ "பலகை எங்களை இழுத்துக்கொண்டு போகிறது" என்று முறையிட்டார்கள். ஒரு பல் வைத்தியர் நேரே ஹோட்டலின் சமையல் குசினிக்குள்ளேயே போய்விட்டார். பலகை அதிர்வதுதான் காரணம், நடுவில் மெல்லிய ரப்பர்த் தாள் வைத்தால் அடங்கும் என்று ஹான்ஸ் நினைத்தார். நல்ல ரப்பர் எங்கள் நாட்டில் கிடைக்கும் என்று நான் வாயைக் கொடுத்தேன். அதனால்தான் இந்தப் பயணம். குளிர்காலத்துக்குள் பிழையைத் திருத்தாவிட்டால் புதுப் பலகையைக் கைவிடுவது என்பது அவர் முடிவு. நேர்ப் பலகை செய்ய என்னைப் போல ஒருவன் அவருக்குத் தேவையில்லை.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் அக்காவின் ஃபிளாட். அக்கா அரசாங்கக் கந்தோரில் கிளார்க். கல்யாணம் கட்டவில்லை. கேட்பவர்களிடம், "ஃபைலுகளோடை மாரடிக்கிறது போதும்" என்று சொல்லிவிடுவார். கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

"என்னடா இது? பிரேதம் ஏதும் கொண்டு வந்தனியோ?"

"ஸ்கீ அக்கா."

"உந்தச் சாமானை வைக்க இஞ்சை இடமில்லை. சாமியறைக்குள்ளை சாத்தி வை."

கடற்கரைத் தண்டவாளத்தில் கோச்சி போகும்போதெல்லாம் அந்த வீட்டில் கோப்பைகள் நடுங்கும். சாமியறையில் முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவே என் பலகைகளும் நடுங்கின. சுடச்சுடப் பாண், கட்டைச் சம்பல், பொரித்த நெத்தலி. ஒஸ்திரியாவில் காலையில் தரும் பாணை வெட்டக் கோடாலி வேண்டும், இதைக் கையால் பிய்த்தால் ஆவி வரும். வாயில் பாணோடு, பல தடவை கடிதத்தில் எழுதியதை நேரிலும் கேட்டேன். "என்னோடை வந்து இருங்கோவன் அக்கா."

"அங்கை வந்து நான் என்ன செய்யிறது? வாசல்லை பனி வழிக்கிறதோ? விழுந்து இடுப்பு முறிஞ்சால் ஆர் பாக்கிறது? எனக்குப் பயமடா." பேச்சு அதோடு முடிந்தது. சாப்பிட்டதும், வீட்டுக்கு ஆள் வந்திருப்பதைப் பொலிஸில் பதிய என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த வருடங்களில் வெள்ளவத்தைக்கு விருந்தாளி வந்தால் பொலிஸுக்குச் சொன்ன பிறகுதான் பாயாசம் வைக்கலாம்.

மறுநாள் பலகைகளோடு கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டேன். ரப்பரைப் பலகையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். முதலில் வந்த தனியார் பஸ்ஸின் கண்டக்டர் பையைப் பார்த்துவிட்டு, "அதுக்கும் டிக்கட், அதுவும் நிண்டுதான் வரோணும்" என்றான். நான் த்ரீவீலர் பிடித்தேன். ஓட்டி தெஹிவளைக்காரர், பெயர் நிஸாம். பையைக் குறுக்கே வைத்தோம். இரண்டு பக்கமும் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்க சேர், ரோட்டுல நம்மளுக்கு எல்லாரும் வழி விடுவாங்க" என்றார் நிஸாம்.

உண்மைதான், விட்டார்கள். காலி வீதியில் அவர் வெட்டி வெட்டிப் போன லாவகத்தைப் பார்த்தால் ஹான்ஸ் அவரைத்தான் சோதனையாளராக எடுத்திருப்பார். ஆனால் பம்பலப்பிட்டியில் ஒரு பழக்கடையோரமாகத் திரும்பியபோது ஏதோ இழுபட்டது. கடைக்காரர் கத்தினார். பார்த்தால், பையின் முனையில் ஒரு கதலிச் சீப்பு தொங்குகிறது. நிஸாம் இறங்கிப்போய்ச் சீப்பைத் திருப்பிக் கொடுத்து, சிங்களத்தில் நீண்ட மன்னிப்பும் கேட்டு, இரண்டு பழத்தோடு திரும்பி வந்தார். ஒன்றை எனக்குத் தந்தார்.

கோட்டைக்குக் கிட்ட ஒரு செக்பொயின்ற். பையைத் திறக்கச் சொன்ன இராணுவச் சிப்பாய் ஒரு பலகையைத் தூக்கி, துவக்கைப் பிடிப்பதுபோலத் தோளில் வைத்துப் பார்த்தான். பிறகு நிலத்தில் போட்டு ஒரு காலை வைத்தான்.

"நுவரெலியாவில் ஓடுமா?" என்று கேட்டான்.

"அங்கே புல்லில்தான் பனி, சறுக்க அது காணாது" என்றேன்.

"என் ஊர் அங்கேதான்" என்று பெருமூச்சு விட்டான், ஏதோ நான் அவன் ஊரைக் குறை சொல்லிவிட்டதுபோல. பெயரைக் கேட்டான், பாஸ்போட்டைப் பார்த்தான், போகச் சொன்னான்.

கொட்டாஞ்சேனையில் துறைமுகத்தைப் பார்த்த ஒரு பழைய களஞ்சியத்தில் கால்மிதிகள் செய்யும் தொழிற்சாலை. தேங்காய்த் தும்பிலும் செய்கிறார்கள், ரப்பரிலும் செய்கிறார்கள். நடத்துபவர் பிலோமினா. அவர் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் தெரு முழுவதும் அவருக்குப் பிலோ மிஸ். தகப்பன் போன பிறகு சோக்குக் கட்டியை வைத்துவிட்டுத் தொழிலைக் கையில் எடுத்தவராம். கழுத்தில் சிலுவை, காதில் பென்சில், வாயில் பகிடி.

"தம்பி, உலகத்தில எல்லாரும் வழுக்காம இருக்கத்தான் நம்மகிட்ட ரப்பர் வாங்குவாங்க. வழுக்குறதுக்கு வாங்க வந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார்.

நான் கேட்ட மெல்லிய தாளை உருட்டி எடுக்கச் சில நாள் வேண்டும் என்றார். பிறகு பலகையைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இத எப்படித்தான் ஓட்டுறது? காட்டுங்களேன்."

பனியில்லாமல் எப்படி என்று சொல்ல வாயெடுத்தவன், களஞ்சிய வாசலைப் பார்த்து நிறுத்தினேன். லொறிகள் ஏறி இறங்குவதற்காகக் கட்டிய சீமெந்துச் சரிவு. அதில் தும்புக் கால்மிதிகள் காயப் போட்டிருந்தார்கள். ஐரோப்பாவில் கோடைகாலத்தில் தூரிகை மயிர் பதித்த சரிவுகளில் சறுக்கிப் பழகுவார்கள் என்று பிலோ மிஸ்ஸுக்குச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"ஞாயித்துக்கிழமை வாங்க. பூசை முடிய வெச்சிக்குவோம்."

ஞாயிறு போனபோது சரிவு முழுவதும் தும்பு விரித்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். பலகையின் அடியில் பூச எங்கள் பட்டறையில் விசேட மெழுகு உண்டு. இங்கே தேங்காயெண்ணெய் பூசினோம். சரிவின் அடியில் ரப்பர் மெத்தைகள். தொழிற்சாலை ஆட்களும், பூசை முடிந்து வந்த பாதித் தெருவும் மதிலோரம் கூடி நின்றார்கள். அக்கா புட்டுப் பொதியோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

நான் முதலில் இறங்கினேன். ஒரே ஒரு திருப்பத்துக்குத்தான் இடம். திரும்பி நின்றேன். கை தட்டினார்கள். ஒஸ்திரியாவில் எனக்கு ஒரு நாளும் யாரும் கை தட்டியதில்லை. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக என் சப்பாத்தை மாட்டினார்கள். எல்லோரும் விழுந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை, நேரே போய் மெத்தையில் மோதினார்கள். பிலோ மிஸ் "யேசுவே" என்று புறப்பட்டு, "மரியே" என்பதற்குள் கீழே கிடந்தார்.

"அக்கா, நீங்கள்?"

"எனக்கென்ன விசரோ?" என்றார் அக்கா. ஆனால் அதற்குள் பிலோ மிஸ் அவரைப் பிடித்து உட்காரவைத்துச் சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாள் அடைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாபிச் சட்டை உடுத்துக்கொண்டு வந்ததால் சேலைச் சாட்டும் சொல்ல முடியவில்லை. நான் கையை விட்டதும் அக்கா பின்பக்கமாகச் சாய்ந்தார். பலகை முன்னே போக, அக்கா பின்னே போக, "டேய் டேய் டேய்" என்ற குரல் நடுவில் போனது. பிலோ மிஸ் அந்த நேரம் பார்த்துக் கமராவை எடுத்துப் படம் பிடித்தார்.

அதுதான் பிழை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கமரா மின்னினால் அந்த நாட்களில் யாரோ ஒருவர் எங்கேயோ ஒரு ரெலிபோனை எடுப்பார். அக்காவை மெத்தையிலிருந்து தூக்கி நிறுத்துவதற்குள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. பிலோ மிஸ்ஸை அவர்களுக்குத் தெரியும். என்னையும் அக்காவையும் தெரியாது. கமராவையும் பலகைகளையும் எங்கள் இருவரையும் ஏற்றினார்கள்.

ஸ்டேசனில் இன்ஸ்பெக்டர் என் பாஸ்போட்டைப் புரட்டிப் பார்த்துத் திருப்பித் தந்தார். அக்காவின் அடையாள அட்டையைத் திருப்பித் தரவில்லை. அதில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. என் பிறந்த இடமும் அதேதான், ஆனால் என்னுடையது ஒஸ்திரிய மட்டைக்குள் இருந்தது.

"நீங்கள் போகலாம். இந்த அம்மா இருக்க வேண்டும். படத்தைக் கழுவிப் பார்த்த பிறகு யோசிப்போம்" என்றார்.

நான் போகமாட்டேன் என்று மர வாங்கில் உட்கார்ந்தேன். அக்கா தமிழில், மெதுவாக, "நீ போடா. நான் இருந்திட்டு வருவன். இது எனக்கு முதல் தரமில்லை" என்றார்.

"என்ன?"

"முந்தி ரெண்டு தரம் வந்திருக்கிறன். ஒருக்கா ராத்திரி முழுக்க."

"ஏன் எனக்கு எழுதேல்லை?"

"எழுதினால் அங்கையிருந்து நீ என்ன செய்வாய்? பனிக்குள்ளை நிண்டு அழுவாய்."

கடிதத்தில் எனக்கு மாம்பழக் காலமும் மழைக்காலமும் மட்டும் எழுதி அனுப்பியவர் இவர். வீதியில் இவரைப் பிடித்துக்கொண்டுபோன நாட்களில் நான் மலையுச்சியில் பலகைக்கு மெழுகு பூசிக்கொண்டிருந்திருப்பேன்.

நேரம் போனது. அக்கா புட்டுப் பொதியை அவிழ்த்தார். வாசலில் நின்ற கொன்ஸ்டபிளுக்கும் ஒரு பங்கு போனது, அவர் இன்னொரு பங்கும் கேட்டார். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அக்கா, "உன்ரை பலகையிலை ஒரு பிழை கிடக்கு" என்றார்.

"அதிருதோ?"

"அதிரேல்லை. அது திரும்பத்தான் பாத்தது. முன்பக்கம் அப்பிடியே வளைஞ்சுகொண்டு போகுது. ஆனால் வால் விடமாட்டன் எண்டு பிடிச்சு இழுக்குது. நான் பயத்திலை பின்னாலை குந்தினன் பார், அந்த வால் அதோடை என்னைக் கொண்டு போட்டுது."

நான் வாங்கைவிட்டு எழுந்துவிட்டேன். கொன்ஸ்டபிளும் பதறிப்போய் எழுந்தார். அன்று சரிவில் விழுந்தவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் பின்னால்தான் சாய்ந்தார்கள். பயந்த மனிதன் பள்ளத்தைப் பார்த்து முன்னால் குனியமாட்டான், பின்னால்தான் குந்துவான். பாரம் முழுவதும் பலகையின் வாலில் இறங்கும். நாங்களோ வாலையும் தலையைப் போலவே அகலமாக, கூராகச் செய்து வைத்திருந்தோம். எங்கள் கிராமத்தில் சோதித்தவர்கள் ஒருவரும் குந்தவில்லை, ஏனென்றால் அவர்கள் ஒருவரும் பயப்படவில்லை. பல் வைத்தியர் பயந்திருக்கிறார். அதை நாங்கள் அதிர்வு என்று எழுதிக்கொண்டோம்.

வெயில் சாயும்போது படம் கழுவி வந்தது. இன்ஸ்பெக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை. படம் முழுவதும் அக்காதான், வாய் திறந்தபடி, ஆகாயத்தைப் பார்த்தபடி. இன்ஸ்பெக்டரின் மீசை முதலில் அசைந்தது, பிறகு தோள்கள் குலுங்கின.

"அம்மா, ஏன் இப்படிப் பின்னால் சாய்ந்தீர்கள்?"

அக்கா கந்தோர்ச் சிங்களத்தில், "முன்னால் விழுந்தால் பல் போகும், சேர். பின்னால் விழுந்தால் எனக்கு அங்கே நட்டம் ஒன்றும் வராது" என்றார்.

ஸ்டேசன் முழுவதும் சிரித்தது. அடையாள அட்டையையும் படத்தையும் கமராவையும் தந்தார்கள். வாசலுக்கு வெளியே பிலோ மிஸ் மத்தியானத்திலிருந்தே நின்றிருந்தார், பங்குச் சுவாமியையும் கூட்டி வந்து. அக்கா வீதிக்கு வந்ததும் என் கையைப் பிடித்தார். கோட்டை தாண்டும்வரை விடவில்லை. பகிடியெல்லாம் உள்ளேயே முடிந்துவிட்டிருந்தது.

அடுத்த நாளே பிலோ மிஸ்ஸின் தொழிற்சாலையில் ஒரு அரத்தை வாங்கி, பலகைகளின் பின்பக்க இரும்பு விளிம்பை மழுங்கும்வரை அராவினேன். ஹான்ஸ் பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார், விளிம்பைக் கூராக்குவதுதான் எங்கள் ஊரில் வழிபாடு. அக்கா கந்தோருக்கு லீவு போட்டிருந்தார். கட்டாயப்படுத்தவில்லை. தானாகவே சப்பாத்துக்குத் தாள் அடைத்தார்.

"இண்டைக்கும் பின்னாலைதான் குந்துவன். சொல்லிப்போட்டன்."

"குந்துங்கோ. அதுதான் எனக்கு வேணும்."

இறங்கினார். சொன்னபடியே குந்தினார். பலகைகளின் முன்முனைகள் தும்பைப் பிடித்தன. வால்கள் இந்தத் தடவை பிடிவாதம் பிடிக்காமல் மெல்ல வழுக்கி வெளியே போயின. அக்கா பெரிய வட்டம் ஒன்று போட்டு, சரிவுக்குக் குறுக்கே, மதிலைப் பார்த்தபடி நின்றார். மெத்தை தேவைப்படவில்லை. அக்கா குனிந்து கால்களைப் பார்த்தார். "ஆ, நிண்டிட்டுது!" என்றார். பிறகு, "இன்னொருக்கா" என்றார். அன்று மாலைவரை அவரைப் பலகையைவிட்டு இறக்க முடியவில்லை.

ஹான்ஸுக்குச் சொல்ல, காலி வீதியில் ஒரு கொமியூனிகேஷன் கடைக்குப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே லண்டனுக்கும் கனடாவுக்கும் கதைக்க வந்தவர்கள் வரிசையாக இருந்தார்கள். இணைப்புச் சரியில்லை. நான் ஜேர்மன் மொழியில் கத்தினேன்.

"வாலை ஒடுக்க வேண்டும்! வாலை மென்மையாக்க வேண்டும்!"

"யார் சோதித்தது?"

"பனியையே காணாதவர்கள்."

"பயந்தார்களா?"

"மிகவும்."

ஹான்ஸ் பக்தியோடு சொன்னார்: "அருமை. அருமை. அப்படிப்பட்டவர்கள் எனக்கு இங்கே கிடைக்கவே இல்லை."

வெளியே வந்தபோது வரிசையில் இருந்த ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "தம்பி, பாஷை ஜேர்மன் மாதிரிக் கிடக்கு. ஐரோப்பாவுக்குப் பனியாலை நடந்து போற பாதையோ கதைச்சனீங்கள்? எந்த ஏஜென்சி?" என்று இரகசியமாகக் கேட்டார். இல்லை, விளையாட்டுச் சாமான் என்றேன். அவர் நம்பவில்லை. மகனை அனுப்ப வேண்டும், விழாமல் போகக்கூடிய பாதை இருந்தால் சொல்லச் சொன்னார். அவர் முறை வரும்வரை பக்கத்தில் நின்று பிளேன்டீ குடித்தேன்.

ரப்பர்த் தாள்களோடு திரும்பிப் போனேன். ஹான்ஸ் இரவு பகலாக அச்சை மாற்றினார். குளிர்காலத்தில் வந்த பலகையின் வால் ஒடுக்கம், மென்மை. உள்ளே கொட்டாஞ்சேனை ரப்பரும் இருந்தது, பலகையின் அதிர்வை அதுவும் கொஞ்சம் அடக்கத்தான் செய்தது. முதல் வாரமே பல் வைத்தியர் திரும்பவும் வந்தார். குந்தியபடியே இறங்கி, குந்தியபடியே திரும்பி, ஹோட்டல் வாசலில் நின்றார். குசினிக்காரர்கள் வெளியே வந்து கை தட்டினார்கள். நேர்ப் பலகைகளை ஹான்ஸ் பரணில் ஏற்றினார். என் வேலைக்கும் ஆபத்து நீங்கியது.

பொலிஸ் கழுவித் தந்த படத்தை ஹான்ஸ் பெரிதாக்கிப் பட்டறை வாசலில் மாட்டினார். வருகிறவர்கள் யார் இது என்று கேட்டால், "எங்கள் தலைமைச் சோதனையாளர், கொழும்பில் இருக்கிறார்" என்று பெருமையாகச் சொல்வார். இதை அக்காவுக்கு ரெலிபோனில் சொன்னேன். காது கிழிந்தது.

"உந்த விழுந்த படத்தையோ மாட்டினவர்? கழட்டச் சொல்லு! நான் திரும்பி நிண்டதை ஒருத்தரும் எடுக்கேல்லையே?"

"பொலிஸுக்குப் பயந்து பிலோ மிஸ் கமராவைத் தொடேல்லை அக்கா."

லைனில் கோச்சி ஒன்று போவது கேட்டது, கோப்பைகளும் நடுங்கியிருக்கும்.

"அப்ப ஒருக்கா அங்கை வரத்தான் வேணும்போலை கிடக்கு" என்றார் அக்கா. "விசாவுக்கு என்னென்ன வேணும் எண்டு கேட்டுச் சொல்லு."